லாரிக்குரிய யூரியாத் திரவம்: அதன் புதுமையைச் சோதித்தறியும் விதம்

விளைபொருள்களைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் லாரிக்கு டீஸல் எண்ணெயும், மசகெண்ணெயும், ஜலமும் வேண்டுமென்பது யாவரும் அறிந்த விஷயம். சில ஆண்டுகளாக இவற்றோடு நான்காவதாக ஒரு பொருளும் இன்றியமையாததாகிவிட்டது. புது லாரிகளில் டீஸல் தொட்டியின் அருகே நீல மூடியிட்ட சிறு தொட்டி ஒன்று காணப்படுகிறதல்லவா? அதில் ஊற்றப்படும் திரவமே அது. லாரிக்காரர்கள் இதனைச் சுருக்கமாக "யூரியா" என்பர், பெட்ரோல் பங்குகளில் "டி.இ.எஃப்." என்று எழுதியிருக்கும், வேறு சிலர் "ஆட்புளூ" என்பர். இக்கடைசிப் பெயர் ஜெர்மனி தேசத்து மோட்டார்த் தொழிற் சங்கத்தாருக்குச் சொந்தமான வியாபாரக் குறியாகும். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. இக்கட்டுரையில் அதனை யூரியாத் திரவம் என்றே குறிப்போம்.

உர மூட்டைகளோடு ஒரே கிடங்கில் அடுக்கப்படுவதாலும், பெயரில் யூரியா இருப்பதாலும், இதுவும் உரத்தைப் போலவே எத்தனை காலம் கிடந்தாலும் கெடாது என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் சரியன்று. பால் திரிவது போல ஓரிரு நாளில் கெட்டுவிடாதெனினும், இத்திரவத்திற்கும் ஓர் ஆயுள் உண்டு. அவ்வாயுளை நாட்காட்டி மாத்திரம் அளப்பதில்லை. உஷ்ணமானியும் சேர்ந்தே அளக்கிறது. கேனின் மேல் அச்சிட்ட தேதியை மட்டும் பார்த்து வாங்குகிறவரும், கண்ணுக்குத் தெளிவாயிருக்கிறதென்று நம்பி வாங்குகிறவரும் ஒருங்கே ஏமாறுவது இதனாலேயே.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1ஆம் தேதி முதல் பி.எஸ். 4 என்னும் புகை விதியும், ஐந்தாம் படியைத் தாண்டி 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1ஆம் தேதி முதல் பி.எஸ். 6 என்னும் கடுமையான விதியும் தேசமெங்கும் அமலுக்கு வந்தன. டீஸல் இயந்திரத்தினுள் மிகுந்த உஷ்ணத்தில் எண்ணெய் எரியும்போது, காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகள் என்னும் தீய வாயுக்கள் உண்டாகின்றன. இவை சுவாசப்பைக்குக் கேடு விளைவிப்பவை. இவற்றைப் போக்கும் பொருட்டுப் புகைக்குழாயினுள் யூரியாத் திரவம் நுண்ணிய தூவலாகப் பீச்சப்படுகிறது. குழாயின் சூட்டில் ஜலம் ஆவியாகிறது. யூரியா சிதைந்து அம்மோனியா வாயுவாகிறது. அவ்வாயு கிரியா ஊக்கி பூசப்பட்ட அறையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடு வினைபுரிகிறது. முடிவில் வெறும் நைட்ரஜனும் நீராவியுமே வெளிச்செல்கின்றன. நூறு லிட்டர் டீஸலுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 லிட்டர் வரை இத்திரவம் செலவாகும்.

திரவம் பழுதாயிருப்பின் என்ன நேரும்? புகைக்குழாயின் கடைக்கோடியிலுள்ள உணர்கருவி தீய வாயு குறையவில்லையெனக் கண்டு, ஓட்டுநரின் முன்னே எச்சரிக்கை விளக்கை ஏற்றுகிறது. அதனைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், விதியின்படியே இயந்திரத்தின் சக்தி குறைக்கப்படுகிறது. ஒட்டன்சத்திரத்தில் தக்காளியும் கத்தரியும் ஏற்றிக்கொண்டு கேரளத்தை நோக்கிப் புறப்பட்ட லாரி, மலை ஏற்றத்தில் இவ்வாறு சக்தி குன்றிப் பாதையோரம் நின்றுவிட்டால், நஷ்டம் லாரிக்காரரோடு நிற்பதில்லை. விடியற்காலை ஏலத்திற்குப் போய்ச் சேராத காய்க்கு மறுநாள் விலையே வேறு. சில நூறு ரூபாய் பெறும் ஒரு கேன் திரவத்தின் குற்றம், ஒரு பருவத்து உழைப்பைப் பாதிவிலைக்கு விற்கும்படி செய்துவிடுகிறது. ஆதலின் சொந்தமாக லாரி வைத்திருக்கும் குடியானவரும், உற்பத்தியாளர் சங்கங்களும், வாடகைக்கு வண்டி பிடிப்பவருங்கூட இதனை ஓரளவு அறிந்திருத்தல் நலம்.

இத்திரவத்தின் அமைப்பு மிக எளிது. நூறு பங்கு எடையில் 32.5 பங்கு மிகச் சுத்தமான யூரியா. மீதி, உப்புக்கள் நீக்கப்பட்ட ஜலம். ஐ.எஸ்.ஓ. 22241 என்னும் சர்வதேச நிர்ணயத்தின்படி யூரியாவின் அளவு 31.8க்குக் குறைதலும் 33.2க்கு மிகுதலும் கூடாது. பார்வைக்குப் பச்சைத் தண்ணீரைப் போலவே இருக்கும். மூடி நீலமாதலாலும், வியாபாரப் பெயரின் பொருளாலும், திரவமும் நீலமாயிருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பாருண்டு. அப்படியன்று; நல்ல திரவத்திற்கு நிறமே இல்லை.

இனி, அது கெடும் விதத்தைக் கவனிப்போம். வெயிற்காலத்தில் ஈரவயலில் மேலாகத் தூவப்பட்ட யூரியா அம்மோனியாவாக மாறிக் காற்றிற் கலந்து வீணாவதைக் குடியானவர்கள் அறிவர். அந்நேரம் வரப்பில் நின்றால் மூக்கிலேயே தெரியும். மண்ணில் அம்மாறுதலை நுண்ணுயிர்களிடத்து உண்டாகும் ஒரு பொருள் விரைவிற் செய்துவிடுகிறது. கேனுக்குள் அப்பொருள் இல்லாவிடினும், ஜலமும் உஷ்ணமும் சேர்ந்து அதே வேலையை மெல்ல மெல்லச் செய்கின்றன. புகைக்குழாயினுள் ஒரு கணத்தில் நிகழ வேண்டிய சிதைவு, கேனினுள்ளேயே மாதக்கணக்கில் முன்கூட்டி நிகழ்ந்துவிடுவதைத்தான் திரவம் பழசாகிவிட்டது என்கிறோம். உஷ்ணம் ஏற ஏற இச்சிதைவின் வேகம் மிகுகிறது.

எவ்வளவு மிகுகிறதென்பதை மேற்சொன்ன நிர்ணயமே கணக்கிட்டுக் கூறுகிறது. எப்போதும் 10 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படாத இடத்தில் வைத்தால் திரவம் 36 மாதம் நிற்கும். 25 டிகிரி வரையில் 18 மாதம். 30 டிகிரி வரையில் 12 மாதம். 35 டிகிரி வரையில் 6 மாதமே. அதற்கு மேற்பட்ட உஷ்ணமாயின் காலம் எதுவும் குறிப்பிடவில்லை. ஒவ்வொரு முறையும் சோதித்த பின்னரே உபயோகிக்க வேண்டுமென்று மாத்திரம் கூறுகிறது. 30லிருந்து 35க்கு ஐந்தே டிகிரி ஏறியதில் ஆயுள் செம்பாதியாகக் குறைந்துவிடுவதைக் காண்க. குளிர்தேசங்களில் இத்திரவம் உறைந்துபோவதே பெருங்கவலை. பூச்சியத்திற்குக் கீழ் 11 டிகிரியில் அது உறையும். உறைந்து இளகினாலும் குணம் கெடுவதில்லை. காஷ்மீரம் செல்லும் வண்டிகளுக்கன்றி நமக்கு அக்கவலை இல்லை. நமக்குப் பகை வெயிலே. கரூர், வேலூர், திருச்சி முதலிய இடங்களில் சித்திரை வைகாசியில் நிழலிலேயே 38, 40 டிகிரி காண்பது சாதாரணம்; தகரக் கொட்டகைக்குள் அதற்கும் மேல்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஜனவரி மாதத் தொடக்கத்தில் தயாரான ஒரு கேனில், 12 மாதத்திற்குள் உபயோகிக்கவும் என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். முதல் இரண்டு மாதம் 30 டிகிரியில் இருந்ததானால் ஆயுளில் பன்னிரண்டில் இரண்டு பங்கு, அதாவது ஆறில் ஒரு பங்கு, கழிந்தது. மார்ச்சு முதல் மே முடிய மூன்று மாதம் 35 டிகிரியில் இருந்தால், ஆறு மாத ஆயுளில் மூன்று மாதம், அதாவது பாதி, கழிந்தது. இரண்டையும் கூட்ட மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஜூன் மாதத்திலிருந்து மறுபடியும் 30 டிகிரியிலேயே வைத்தாலும் மீதமுள்ளது நான்கே மாதம். அச்சிட்ட தேதி டிசம்பர் முடிவு என்று சொல்ல, உண்மையில் செப்டம்பர் முடிவிலேயே திரவம் தன் எல்லையை அடைந்துவிடுகிறது. இது தோராயக் கணக்கே. கொட்டகையின் உஷ்ணம் 40ஐத் தாண்டியிருந்தால் இந்தக் கணக்கும் பொருந்தாது. செப்டம்பர் வரையிற்கூட எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆகையால் வாங்குமிடத்தில் முதலில் பார்க்க வேண்டியது தயாரித்த தேதி. அடுத்துப் பார்க்க வேண்டியது கடை. தயாரித்த தேதியோ தொகுதி எண்ணோ இல்லாத கேனை, விலை எவ்வளவு மலிவாயினும் வாங்கலாகாது. மாசியில் தயாரித்து வைகாசியில் விற்கப்படும் கேனைவிட, ஆவணியில் தயாரித்துத் தையில் விற்கப்படும் கேன், நாட்கணக்கில் மூத்ததாயினும், குணத்தில் இளையதாயிருக்கக் கூடும். கேன்களைக் கடைக்குள் நிழலில் அடுக்கியிருக்கிறார்களா, விளம்பரத்திற்காக வாசலில் வெயிலில் வரிசையாக வைத்திருக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். சென்ற கோடையில் நெடுஞ்சாலை ஓரத்துக் கடையொன்றில், நண்பகலில் வாசற்கேனின் மேல் கைவைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் கையை வைத்திருக்க இயலவில்லை. அந்தக் கேனின் தேதி என்னவோ புதியதுதான். தினமும் பல வண்டிகளுக்கு ஊற்றும் பெட்ரோல் பங்குகளில் திரவம் விரைவில் செலவாகிவிடுவதால் பழசாக நேரமிராது. லாரிகள் அதிகம் ஓடாத சாலையில் உள்ள பங்கில், கடைசியாகச் சரக்கு இறங்கியது எப்போது என்று வினவுதல் தவறாகாது.

கேனின் தோற்றமும் சில செய்திகளைக் கூறும். பக்கங்கள் புடைத்திருந்தால், சிதைவினால் உண்டான வாயு உள்ளே திரண்டிருக்கலாம். வெயிற்சூட்டினால் மாத்திரமும் அவ்வாறு புடைப்பதுண்டாகையால், ஓர் இரவு நிழலில் வைத்துப் பார்த்து, அப்போதும் அடங்காவிடில் சந்தேகிக்க வேண்டும். மூடியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். அது கசிந்து உலர்ந்த யூரியாவேயாதலின் அதனால் மட்டும் திரவம் கெட்டதாகாது. மூடி சரியாக இறுகவில்லை, ஜலம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கே அது சாட்சி. அடியில் வெண்படிகம் திரண்டிருக்குமாயின், ஜலம் வெகுவாகக் குறைந்து திரவம் செறிவு மிகுந்துவிட்டதென அறிந்து விலக்க வேண்டும்.

இனி மூக்கின் சோதனை. புதுத் திரவத்திற்கும் இலேசான அம்மோனியா நெடி உண்டு. ஆகையால் நெடி இருப்பதே குற்றமன்று. மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளிக்கவும் கண் கரிக்கவும் செய்தால்தான் குற்றம். இச்சோதனையை நண்பகலில் சுட்ட கேனில் செய்தல் கூடாது. நல்ல திரவமும் அப்போது கடுநெடி வீசும். விடியற்காலையில், கேன் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வாயின் மேலே கையால் காற்றை மெல்ல வீசி முகர்ந்து பார்க்க வேண்டும். வாயருகே நேரே முகத்தைக் கொண்டுபோதல் வேண்டா. புதிதென்று நிச்சயமாகத் தெரிந்த திரவம் சிறிது கைவசமிருந்தால், இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்து ஒப்பிடுவது தனியே முகர்வதைவிட மேலானது.

பிறகு கண்ணின் சோதனை. சுத்தமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தால் கலங்கலோ, மிதக்கும் தூசோ, மஞ்சள் நிறமோ காணப்படலாகாது. மேற்பரப்பில் வானவில் நிறத்தில் படலம் தோன்றினால் டீஸலோ எண்ணெயோ கலந்திருக்கிறது. அவை இதைவிட இலேசானவையாதலால் மேலே மிதக்கும். சில சொட்டுக்களைக் கண்ணாடித் தகட்டில் உலரவிட்டால் நல்ல திரவம் வெண்மையான படிகங்களை விட்டுச் செல்லும். பிசுபிசுப்பான வளையம் காணில் எண்ணெய்ப் பசை உண்டென்று அறியலாம். இவையெல்லாம் பெருங்குற்றங்களைக் காட்டுமேயன்றி, நுண்ணிய குற்றங்களைக் காட்டமாட்டா.

கருவிகொண்டு அறிய விரும்புவோருக்கு ஒரு செய்தி மகிழ்ச்சியளிக்கலாம். கரும்பு பயிரிடுவோர் தோட்டத்தில் சாற்றின் இனிப்பை அளக்க உபயோகிக்கும் கை பிரிக்ஸ் மானியே இதற்கும் ஓரளவு உதவும். அக்கருவி ஒளி வளையும் அளவைக்கொண்டு செறிவைக் காட்டுவது. யூரியாத் திரவத்திற்கு 20 டிகிரியில் அவ்வளவு 1.3814 முதல் 1.3843 வரை இருக்க வேண்டும். கரும்பு மானியின் கோட்டில் இது ஏறக்குறைய 31இல் விழும். 28, 27 என்று காட்டினால் ஜலம் கலந்திருக்கிறது. 32ஐக் கடந்தால் ஜலம் ஆவியாகியிருக்கிறது. கண்ணாடியைச் சுத்த ஜலத்தால் கழுவித் துடைத்த பின்னரே சொட்டு வைக்க வேண்டும். முன்பு வைத்த கரும்புச்சாற்றின் சுவடு இருந்தால் கணக்குத் தப்பும். பால்மானி போன்று மிதக்கும் திரவமானி உடையோர், 20 டிகிரியில் ஒப்படர்த்தி 1.087 முதல் 1.093 வரை இருக்கக் காண்பர். பகல் சூட்டில் எண் தாழ்ந்தே காட்டுமாதலால், பாத்திரத்தை மண்பானை ஜலத்தில் நிறுத்திக் குளிரவைத்துப் பார்ப்பது முறை.

ஆனால் இக்கருவிகள் பழமையை அறிவிக்கும் என்று நினைப்பது பெரிய பிழை. காரணம் கூறுவோம். திரவத்தின் காரத்தன்மை, அம்மோனியாக் கணக்கில், நூற்றுக்கு 0.2 பங்குக்கு மேற்படலாகாதென்பது நிர்ணயம். 60 பங்கு யூரியா சிதைந்தால் 34 பங்கு அம்மோனியா உண்டாகும். ஆகவே நூறு பங்கு திரவத்தில் 0.35 பங்கு யூரியா சிதைந்தாலே திரவம் எல்லையைக் கடந்துவிடுகிறது. 32.5 பங்கில் 0.35 பங்கு என்பது நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேல். பிரிக்ஸ் மானியில் இவ்வேறுபாடு ஒரு கோட்டில் மூன்றில் ஒரு பாகமே. நம் கண்ணுக்கு அகப்படாது. அதோடு, சிதைவினால் குறைந்த செறிவை, ஆவியாகிப்போன ஜலம் ஈடுசெய்து மறைத்துவிடுவதும் உண்டு. லாரித் தொட்டியினுள் வைத்திருக்கும் உணர்கருவியும் செறிவை அளப்பதே. ஆதலின் மானி நல்ல எண் காட்டினாலும், கேன் கடந்து வந்த வெயிலின் கணக்கும், மூக்கின் சாட்சியும் வேண்டும். சங்கங்கள் பெருந்தொகையாகப் பீப்பாய்களில் வாங்கும்போது ரசாயனப் பரிசோதனைச் சாலைக்கு மாதிரி அனுப்பிக் காரத்தன்மையை அளக்கச் செய்வதே நிச்சயமான வழி.

பிரிக்ஸ் மானி அறியாத வேறொரு குற்றமும் உண்டு. வயலுக்கு இடும் யூரியாவைக் கிணற்று ஜலத்தில் மூன்றில் ஒரு பங்கு கரைத்தால் மானி அதே 31ஐக் காட்டும். இவ்வாறு வீட்டிலேயே கரைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வோர் கிராமங்களில் இருக்கின்றனர். மூட்டை கையிலிருக்கிறது, கேனுக்கு ஏன் பணம் கொடுப்பது என்ற எண்ணம் இயற்கையே. எனவே சற்று விரித்துரைப்போம்.

உர யூரியாவில் பையூரெட் என்னும் பொருள் நூற்றுக்கு 1.5 பங்கு வரை இருக்கலாமென்று உரச் சட்டம் அனுமதிக்கிறது. அத்தகைய யூரியாவைக் கரைத்தால் திரவத்தில் அது 0.49 பங்காகும், யூரியாத் திரவத்திற்கோ எல்லை 0.3 மட்டுமே. மிகுந்த பையூரெட் புகைக்குழாயில் கெட்டியான படிவாக உறைந்து அடைப்பை உண்டாக்கும். மேலும் 2015ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகிறது. நிலத்தில் தழைச்சத்து மெதுவாக வெளிப்பட உதவும் அவ்வெண்ணெய், மயிரிழை போன்ற பீச்சுத் துவாரத்தை அடைத்துவிடும். ஜலத்தின் கதையோ இன்னும் மோசம். குடிநீரில் லிட்டருக்கு 75 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருப்பது ஏற்கத்தக்கதே. அந்த ஜலத்தில் கரைத்தால் ஒரு கிலோ திரவத்தில் அது சுமார் 50 மில்லிகிராம் ஆகும். அனுமதிக்கப்பட்டதோ அரை மில்லிகிராம். குடிக்க உகந்த ஜலமே நூறு மடங்கு அசுத்தமாகிறதென்றால், உப்புக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பழைய திரவம் ஊற்றியதனால் நேர்ந்த கேட்டை, தொட்டியை வடித்துக் கழுவிப் புதுத் திரவம் ஊற்றிப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். உலோக உப்புக்கள் கிரியா ஊக்கியின் மேல் படிந்துவிட்டாலோ அவ்வுறுப்பையே மாற்ற நேரும். அதன் விலையைப் பட்டறையில் ஒருமுறை விசாரித்தவர் கலவைத் தொழிலில் இறங்கமாட்டார். இவையன்றி, 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, உரத்தைப் பயிருக்கன்றி வேறு காரியத்திற்கு உபயோகித்தல் குற்றமுமாகும். நடவு வயலுக்கு ஒரு மூட்டை கிடைக்காமல் அலையும் நாட்களில், சர்க்கார் உதவி விலையில் வந்த யூரியா கள்ளத் திரவத் தயாரிப்புக்குப் போவது அண்டை வயற்காரனின் பயிரைப் பறிப்பதற்குச் சமம்.

எவ்வளவு வாங்கி வைப்பது என்ற கேள்விக்கும் இதிலிருந்தே விடை கிடைக்கிறது. வாரத்திற்கு 100 லிட்டர் டீஸல் எரிக்கும் வண்டிக்கு 20 லிட்டர் கேன் ஒன்று நான்கு வாரத்திற்குக் குறையாமல் வரும். அத்தகையவர் கோடைக்கு முன்னே பத்துக் கேன் வாங்கி அடுக்குவது விவேகமன்று. தட்டுப்பாடு வருமென்ற அச்சம் இவ்வாறு செய்யத் தூண்டுவதுண்டு. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, அதையே பெரிதும் நம்பியிருந்த தென்கொரியாவில் லாரிகள் திரவமின்றி நிற்கும் நிலை உண்டாயிற்று. பதுக்கலைத் தடுக்க, நவம்பரில் அந்நாட்டு அரசாங்கம் ஒரு வண்டிக்கு இவ்வளவே என்று அளவிட்டு விற்கச் செய்தது. ஆனால் நெல்லைப் போலக் குதிரில் கொட்டிவைக்கும் பண்டமன்று இது. நமது கோடையில் பதுக்கியது பஞ்சத்திற்கு உதவாமலே கெட்டுப்போகும்.

அறுவடைக் காலத்தில் மாத்திரம் ஓடி, மற்ற மாதங்களில் களத்து மேட்டில் நிற்கும் லாரிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கேனைப் பற்றிக் கூறியதெல்லாம் வண்டித் தொட்டியிலுள்ள திரவத்திற்கும் பொருந்தும். சொல்லப்போனால் அதற்கே மிகுதியாகப் பொருந்தும். வெயிலில் நிற்கும் வண்டியின் தொட்டி நாள் முழுதும் சுடுகிறது, ஜலம் ஆவியாகிறது, பீச்சுக்குழாயின் நுனியில் படிகம் கட்டுகிறது. அடுத்த அறுவடைக்கு வண்டியைக் கிளப்பியதும் விளக்கெரிய, ஓட்டுநர் இயந்திரத்தில் பழுது தேடுவார். வண்டியை நிறுத்தப்போவது தெரிந்தால் தொட்டியைக் குறைவாக வைத்து, நிழலில் நிறுத்தி, மூடியை இறுக மூடவேண்டும். கோடை முழுதும் நின்ற வண்டியாயின், புறப்படுமுன் பழையதை வடித்துப் புதியது ஊற்றுவதே சிக்கனம். எத்தேதியில் ஊற்றியதென்று தொட்டி மூடியருகே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைக்கும் வழக்கம் சில ஓட்டுநர்களிடம் உண்டு, நல்ல வழக்கம்.

சேமிக்கும் இடம் ஓட்டுக் கட்டடமாகவோ கூரைக் கொட்டகையாகவோ இருப்பது நன்று. தகரக் கொட்டகையேயாயின், மேலே தென்னங்கீற்று வேயலாம். கேன்களைத் தரையினின்று சற்று உயர்த்திப் பலகையின் மேல், சுவரிலிருந்து விலக்கி, முதலில் வந்தது முதலில் எடுக்கும்படி அடுக்க வேண்டும். பூச்சிமருந்தும் மண்ணெண்ணெயும் அதே மூலையில் இருத்தல் ஆகாது. ஊற்றுவதற்குச் செம்பு, பித்தளை, அலுமினியம், நாகம் பூசிய தகடு இவற்றாலான பாத்திரமோ புனலோ உபயோகிக்கலாகாது. திரவம் அவற்றை அரித்து உலோகத்தைக் கரைத்துக்கொள்ளும். கெட்டியான பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் உத்தமம். டீஸலுக்கு உபயோகித்த புனலை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இதற்கு எடுத்தல் கூடாது. சிறிதளவு டீஸலும் பீச்சுக் கருவியின் ரப்பர் வளையங்களை ஊதிப் பருக்கச் செய்யும். திறந்த கேனைக் கூடியவரையில் சீக்கிரமாகச் செலவிட்டுவிட வேண்டும்.

காலங்கடந்த திரவத்தை என்செய்வதென்று பலர் கேட்கின்றனர். லாரிக்கு ஆகாததெனினும், வேறெதுவும் கலவாததாயின் நிலத்திற்கு ஆகும். 20 லிட்டர் கேன் ஒன்றில் சுமார் 7 கிலோ யூரியா உண்டு. 45 கிலோ மூட்டையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதனை மாலை வேளையில், பாயும் வாய்க்கால் ஜலத்தோடு சிறுகச் சிறுகக் கலந்து விடலாம். பயிருக்கு இடவேண்டிய யூரியாவில் அவ்வளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இலைமேல் தெளித்தல் வேண்டா; அம்மோனியா மிகுந்த திரவம் இலையைத் தீய்க்கும். கிணற்றிலோ, குளத்திலோ, மாடு நீர் குடிக்கும் தொட்டியருகிலோ கொட்டினால் மீனுக்கும் கால்நடைக்கும் கேடு. டீஸலோ எண்ணெயோ கலந்துபோனதை வயலிலும் விடலாகாது. கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைத்துவிட வேண்டும்.